பிள்ளைகள் ஏறினால் சாத்தாத கதவு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் இதை வாயால் சொல்ல முயன்றபோதெல்லாம் யாராவது குறுக்கே புகுந்து, "ஓ, அந்த அக்காவா! அவங்களப் பத்தி நான் சொல்றனுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தாளில் எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மரியாதை ஒரு காரணம். பெயரை எழுதினால் தெரிந்தவர்கள் படித்துவிட்டு அவரைத்தான் பாராட்டுவார்கள் என்பது இன்னொரு காரணம்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வண்டி ஆயாக்களாக இருந்தோம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், விடுதியும் பெரிய சமையல்கூடமும் உள்ள பள்ளிக்கூடம். எனக்கு வெண்ணந்தூர் பக்கம் போய்வரும் பழைய வேன். அவருக்கு எங்கள் பக்கமாகவே சுற்றி வரும் பெரிய பஸ். பிள்ளைகளை ஏற்றுவது, உட்கார வைப்பது, கதவைச் சாத்துவது, சாயங்காலம் அவரவர் அம்மாவின் கையில் பிடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. நடுவில் பகல் முழுக்க வண்டி ஷெட்டில் இருப்போம். வண்டியைக் கூட்டுவோம், சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி வைப்போம், ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். நாம் ஏதாவது பேச ஆரம்பித்தால் அவர் கை நின்றுவிடும். பிசைந்த சோறு விரலில் காய்ந்துபோகும் வரை நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டார். வருத்தமான இடத்தில் "அடடா" என்று சொல்ல மாட்டார். கடைசியில் "ம்" என்பார், மறுபடி சாப்பிடுவார். கேட்டதை எங்கோ உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்வார். இரண்டொரு நாள் கழித்து அது வேறு இடத்தில், வேறு ஆட்கள் நடுவில், அவர் வாயிலிருந்து வெளியே வரும். அப்போது அது நான் சொன்னதைவிட நன்றாக இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

என் ஆயுளில் நானாகச் சொன்ன வேடிக்கை ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, சக்கரையே போடலியா?"

"உங்க ரத்தத்துல நெறையக் கெடக்குதுன்னு டாக்டரு சொன்னாருங்களே. அதுல கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கங்க."

எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் சிரித்ததில் காப்பி வேட்டியில் சிந்திவிட்டது. அன்றைக்கு மதியம் ஷெட்டில் அந்த அக்காவிடம் சொன்னேன். "ம்" என்றார். சரி, வேடிக்கை அவ்வளவு நன்றாக இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்துச் சமையல்கூடத்திலிருந்து ஒரே சிரிப்பு, ஷெட்டு வரைக்கும் கேட்டது. போய்ப் பார்த்தால் சமையல்காரம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, இந்தக்கா சொன்ன சக்கரைக் கதையக் கேட்டீங்களா நீங்க?" என்று என்னிடமே கேட்டார்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அவர் எதைச் சொன்னாலும் "ஒருத்தர் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்டதில்லை. பாதி நாள் அந்த ஒருத்தர் நான்தான்.

வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு நாரத்தை இலையைக் கசக்கி மோந்து பார்க்கக் கொடுத்தால் நிற்கும் என்பது என் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டுப் பின்னால் நாரத்தை மரம் இருக்கிறது. தினமும் பறித்துக் கொண்டுபோவேன். அதையும் அவரிடம் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் எல்லா வண்டியிலும் நாரத்தை இலை. பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், "அக்கா இலை" என்று. எந்த அக்கா என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மரத்திலிருந்து இலை பறித்துக்கொண்டு போய் நானே, "இந்தா சாமி, அக்கா இலை" என்று கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆள் நல்ல உயரம். யூனிபார்ம் கோட்டுக்குப் பொத்தான் போட மாட்டார். நடந்தால் கோட்டு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும். பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அப்படியே நடுரோட்டில் போய் நின்று உள்ளங்கையைக் காட்டுவார். முட்டை ஏற்றிக்கொண்டு வரும் லாரி முட்டிக்கால் போட்ட மாதிரி நிற்கும். டிரைவர் தலையை நீட்டி, "போங்கக்கா, பொறுமையாப் போங்க" என்பான். அதே சாலையில் நான் கையைக் காட்டினால் ஹாரன்தான் அடிப்பார்கள். கையில் என்ன வித்தியாசம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

அவர் பிறந்த ஊர் கிழக்கே, கெங்கவல்லி பக்கம். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்து வந்தவர். எங்கள் ஊரில் மரியாதைக்குச் சேர்க்கும் "ங்க" அவர் பேச்சில் பாதிதான் ஒட்டியிருந்தது. சாதாரண நாளில் போடுவார். கோபம் வந்தால் அது முதலில் உதிர்ந்துபோகும். வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் வேலைக்கு வந்தார் என்று சொல்வார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. என்னிடமிருந்து அவ்வளவு வாங்கிக்கொண்டவர், அவருடையது என்று எனக்குக் கொடுத்தது கொஞ்சம்தான்.

கொடுக்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டார். பந்தியில் இலை போடுவதிலிருந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களை உட்கார வைப்பது வரை அவர் பார்த்தார். நான் கல்யாண வீட்டில் ஒரு மூலையில் பட்டுச்சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் சம்பந்தியம்மாள் இன்றைக்கும் போன் செய்தால், "நல்லா இருக்கீங்களா?" என்பதற்கு அடுத்த கேள்வி, "அந்தக்கா எப்படி இருக்காங்க?" என்பதுதான். மகளைக் கட்டிக்கொடுத்தவள் நான். விசாரிப்பு அவருக்கு.

என் வேனில் வந்த சின்னப் பெண் ஒருத்தி வருஷம் முழுக்க என் மடியில் தூங்கியபடியே பள்ளிக்கூடம் வந்தாள். எச்சில் என் கோட்டில் காய்ந்து கிடக்கும். அவளும் ஒருநாள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய அக்கா வண்டிக்கு மாத்திக்கலாமா?" என்றாள். குழந்தைதானே என்று எல்லாரும் சொல்வார்கள். குழந்தை சொன்னால்தான் வலிக்கும்.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

என் வேனைப் பள்ளிக்கூடம் பழசாக வாங்கியது. நாமக்கல்லில் விட்டுப் புதுப் பாடி கட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். மேலே பார்த்தால் நேற்றுச் செய்த வண்டி. அடியில் முதுகெலும்பு மாதிரி போகும் இரும்புச் சட்டத்தை சேசிஸ் என்பார்கள். அது எந்தக் காலத்துடையது என்று டிரைவர் அண்ணனுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வழக்கம்போல வண்டிகளைக் கழுவி, அடியில் கறுப்பு பெயிண்ட் அடித்து, எஃப்.சி. பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வேனும் வரிசையில் நின்று பாஸாகித் திரும்பியது.

அந்த வருஷம்தான் கதவு மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் வண்டி காலியாகக் கிளம்பும்போது விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும். பிள்ளைகள் ஏற ஏற இறுகும். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் ஏறிய பிறகு கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, அதே நேரத்தில் இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் தாழ் விழும். டிரைவர் அண்ணன் நல்ல மனிதர். கீல் இறங்கியிருக்கும் என்று எண்ணெய் விட்டார். பிறகு கதவின் ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார்.

"அண்ணா, காலியா இருக்கறப்ப நல்லாத்தானுங்க சாத்துது" என்று ஒருநாள் சொன்னேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

ஆக, முதலில் சொன்னது நான். இதை எழுதிவைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கைப்பிடியைத் தூக்கித் தூக்கி வலது தோள் வீங்கிவிட்டது. ஒருநாள் மதியம் இடது கையால் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க முடியாமல் நான் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டார்.

"கைக்கு என்ன?"

"கதவுங்க்கா. தெனமும் மல்லுக்கட்டறேன்."

"எப்பவுமேவா?"

"இல்லீங்க்கா. காலியா இருந்தா லேசாச் சாத்தும். புள்ளைங்க ஏறுனாத்தான் மொரண்டு புடிக்குது."

அவர் கை நின்றது.

"பள்ளிக்கொடத்துல எறக்கிட்டு?"

"மறுக்கா லேசாயிருதுங்க்கா."

"ம்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாத்திரத்தை மூடிவைத்தார்.

"எங்கப்பன் ஊட்டுல சமையக்கட்டுக் கதவு இப்பிடித்தான் சாத்தாமப் போச்சு. தச்சன் வந்து எழச்சான். மறுபடி வந்து எழச்சான். மச்சு மேல நெல்லு மூட்டைய அடுக்குனாக் கதவு சாத்தாது. மூட்டைய எறக்குனாச் சாத்தும். ஒருத்தருக்கும் மேல பாக்கத் தோணல. ஒரு மழைக்கு உத்தரம் முறிஞ்சு உளுந்துச்சு."

"ஐயோ! ஆருக்காச்சும் அடிங்களா?"

"அடுப்புல பாலு இருந்துச்சு. அதோட போச்சு. கதவு மேல குத்தமே இல்ல புள்ள. அது பாவம், சொல்லிட்டே இருந்துச்சு." எழுந்து கையைக் கழுவினார். "ஏந்திரி."

"எங்கீங்க்கா?"

"மேனேஜருகிட்ட."

"ஐயோ, நான் வல்லீங்க்கா. நீங்களே போய்ச் சொல்லிருங்க."

அவர் கேட்கவில்லை. வலிக்கிற கையையே பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் அண்ணனையும் கூப்பிட்டார்கள். அக்கா கதவைப் பற்றிச் சொன்னார். உத்தரத்தைப் பற்றியும் சொன்னார். மேனேஜர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இப்பத்தான எஃப்.சி. பாத்து வந்துச்சு? பெயிண்டு வாசங்கூடப் போகல."

"அங்க பாத்தது காலி வண்டியத்தான? புள்ளைங்கள ஏத்திக்கிட்டா போச்சு வண்டி?"

"ங்க" குறைந்துவிட்டதைக் கவனித்தேன்.

டிரைவர் அண்ணனுக்கு முகம் சிவந்தது. "அக்கா, ஓட்டறவன் நானு. ஸ்டேரிங்கு நேராப் போகுது, பிரேக்கு நிக்குது. ஒரு கதவுக்குப் போயி வண்டியவே குத்தஞ் சொன்னா எப்பிடிங்க?"

"கதவு மேல குத்தமில்லைன்னுதான் நானும் சொல்றேன்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க அந்த வண்டியில வாரதே இல்லியே" என்றார் மேனேஜர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இந்த வண்டி ஆயா நீங்கதானம்மா? நீங்க சொல்லுங்க. வண்டியில என்ன கோளாறு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக என் சொல்லுக்குக் காது கொடுக்க ஆள் இல்லை என்று குமைந்தவள் நான். இப்போது காதுகள் வரிசையாகக் காத்திருந்தன.

"தெரியலீங்க" என்றேன்.

"பாத்தீங்களா?" என்று மேனேஜர் சிரித்தார். "சாயங்காலம் வண்டி போகட்டும். லீவு நாள்ல கதவுக்கு ஆள் வெச்சுப் பாத்துக்கலாம்."

அக்கா என்னை முறைக்கவில்லை. முறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அவளுக்கு வாய் பேசாது. கை பேசும்" என்றார். வாசலுக்குப் போய்ச் சமையல்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, எல்லாரும் வாங்க! அடுப்பு அமந்திருச்சுல்ல? இந்த வேன்ல வந்து ஏறுங்க!"

சமையல் ஆட்கள் ஈரக்கையோடு வந்தார்கள். வாட்ச்மேன் வந்தார். ஷெட்டில் படுத்திருந்த மற்ற டிரைவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டால் அப்படித்தான்.

"கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களாக்கா?"

"மொதல்ல ஏறு. நீ ஒருத்தி நாலு எல்.கே.ஜி. புள்ளைக்குச் சமம்."

"அப்ப நீங்க ஏறுனா ஒரு கிளாஸே ஆகுமுங்க."

"வாட்ச்மேனு அண்ணா, சன்னலோரம் எனக்கு!"

சின்னப் பிள்ளைகளுக்காகப் போட்ட சீட்டில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒரே கூத்து. சமையல்காரம்மா "டீச்சர், இவன் என்னக் கிள்றானுங்க" என்று பக்கத்து டிரைவரைக் காட்டிக் கத்தினார். அக்கா கதவருகில் நின்றுகொண்டு மேனேஜரைப் பார்த்தார்.

"நீங்களும் ஏறுங்க. உங்க எடையும் வேணும்."

மேனேஜர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

யாரும் ஏறுவதற்கு முன்பே அக்கா என்னை ஒருமுறை கதவைச் சாத்தச் சொல்லியிருந்தார். ஒரு விரலால் தள்ளினேன், சாத்தியது. பாதி ஆட்கள் ஏறியதும் சாத்தச் சொன்னார். உள்ளங்கையால் தள்ளினேன், லேசாக உரசிச் சாத்தியது. இப்போது வண்டி நிறைந்துவிட்டது.

"சாத்து புள்ள" என்றார்.

அந்த இடத்தில் எனக்குள் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு ஆயா, அதுதான் எங்கள் பள்ளிக்கூட வழக்கம். வண்டி நின்றால் ஆயாவும் நிற்பாள். பிள்ளைகள் எங்கே போவார்கள்? பக்கத்தில் போய்வரும் வண்டி அவருடைய பஸ்தான். அது இரண்டு நடை போனால் போதும். என் மடியில் தூங்குகிறவள் முதல் எல்லாருமே அங்கே போய்விடுவார்கள், சந்தோஷமாகவே போவார்கள். அந்தக் கதவைச் சாத்தும் வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். கைப்பிடியைத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி. தாழ் விழுந்துவிடும். மேனேஜர் சிரித்துக்கொண்டே இறங்குவார். எல்லார் முன்னாலும் வாழ்க்கையில் ஒருதடவை அந்த அக்கா தோற்பார்.

டிரைவர் அண்ணன் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த இடி பழக்கம். அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

உள்ளே வாட்ச்மேன், பிள்ளைகள் மாதிரியே முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பியில் பல் பதிந்த தடங்கள் உண்டு. வரும் வழியெல்லாம் பிள்ளைகள் கடித்துக்கொண்டே வருவார்கள்.

இடிக்காமல், எல்லாரும் தள்ளுகிற மாதிரித் தள்ளினேன். கதவு மேல் மூலையில் இடித்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன். கீழே ஒட்டிக்கொண்டது, மேலே இடித்தது. ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, எல்லாரும் பார்க்கும்படி.

சிரிப்பு அடங்கிப்போயிற்று. "அண்ணா, கீழ பாருங்க" என்றார் அவர்.

டிரைவர் அண்ணன் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு மண்ணில் மண்டியிட்டுத் தலையை உள்ளே கொடுத்தார். திடீரென்று கத்தினார்.

"எல்லாரும் எறங்குங்க! ஆடாதீங்க! ஒவ்வொருத்தரா, மெதுவா!"

இறங்கினார்கள். அண்ணன் மறுபடி குனிந்து பார்த்தார். "இப்ப விரிசலு தெரியலீங்க" என்றார், அழுகிற குரலில். "ஆளு ஏறுனாத்தான் வாயத் தொறக்குது. எறங்குனா மூடிக்குது. நான் தெனமும் டயருக்குக் காத்தப் பாக்கறப்ப அடியிலயும்தான் பாக்கறனுங்க. காலி வண்டியாத்தான பாத்தேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக் வந்து கறுப்பு பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். கதவுக்குச் சற்றுப் பின்னால், புதுப் பாடியின் தரைக்கு அடியில், சேசிஸ் சட்டம் கீழிருந்து பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தது. உள்விளிம்பில் துரு ஏறியிருந்தது, பழைய விரிசல். மேல்பக்கம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் வண்டிச் சாவியைக் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்தார்.

பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். சமையல்காரம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேனேஜர் கைகூப்பினார். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாம் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"என்னையச் சொல்லாதீங்க. இவதான் கண்டுபுடிச்சா. காலியா இருந்தாச் சாத்துது, ஏறுனாச் சாத்தலைன்னு இவதான் சொன்னா. நான் கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"ஒருத்தர்" என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார். எல்லார் முன்னாலும், சத்தமாக, முழுப் பெயரையும் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பாருங்க, என்ன பெரிய மனசு! இவ்வளவு பண்ணிட்டு அடுத்தவங்களுக்குப் பேர் குடுக்கறாங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? எனக்குக் கொடுத்ததும் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

பல நாள் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கதவு என்னிடம் தினமும் சொன்னது. நான் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். அவர் "என்னுங்க?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆயாவின் தோள்வலியைக் கடைசி வரை கேட்பதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? அவர் ஊரைவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பேச்சு வந்தால் எனக்கு இன்னும் இங்கே, நெஞ்சுக்குழியில், சூடாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் பஸ் இரண்டு நடை போயிற்று. இரண்டாவது நடையில் என் பிள்ளைகளை ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அம்மாக்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வெண்ணந்தூரில் தறி ஓட்டும் ஒரு அம்மா பாதியில் தறியை நிறுத்திவிட்டு வந்தவர், கண் கலங்க அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சாமி, நீங்க மகராசியா இருக்கோணும்."

"இவகிட்டச் சொல்லுங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

"இவங்களும்தான்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் என் பிள்ளைகள் எல்லாரும் அவர் பஸ்ஸில் வந்தார்கள். என்னைச் சமையல்கூடத்துக்கு மாற்றினார்கள். சின்ன வெங்காயம் உரித்தேன்.